ஏழு பாகைக்குள் எல்லோரும்

2025 பிப்ரவரி தொடக்கத்தில் அப்பச்சிக்கு அறுபதாம் சாந்தி. அதற்காக ஊரில் எல்லோரும் கூடியிருந்தோம். அந்த வாரம் யார் கைப்பேசியை எடுத்தாலும் ஒரே செய்திதான்: ஆறு கோள்கள் நேர்க்கோட்டில் வருகின்றன, இனி நம் ஆயுளில் கிடைக்காது, பிள்ளைகளை எழுப்பியாவது காட்டுங்கள். எனக்கு இந்தச் செய்தியைக் கண்டாலே எரிச்சல் வரும். அந்த ஆறில் யுரேனசும் நெப்டியூனும் பைனாகுலர் இல்லாமல் காட்ட முடியாதவை. மீதி நான்கும் ஒரே கோட்டில் நிற்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கோள்கள் என்றைக்குமே அந்தக் கோட்டை விட்டு அதிகம் விலகியதில்லை. அந்த மாதம் அவற்றில் பல ஒரே நேரத்தில் மாலை வானத்துக்கு வந்து சேர்ந்தன, அவ்வளவுதான். வியக்க வேண்டுமென்றால் அந்த மாதத்தை அல்ல, அந்தக் கோட்டை வியக்க வேண்டும். அப்படி ஒரு கோடு ஏன் இருக்கிறது என்று மட்டும் ஒரு செய்தியும் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. காவல்காரர் ஒரு விளக்கைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். ஊருக்கு அது வருத்தம்தான், வானம் பார்க்கிறவனுக்கு யோகம். முகப்புக்கு மேலுள்ள மொட்டை மாடியில் ஏழு மணிக்கு நின்றால் மேற்கே வெள்ளி கண்ணைப் பறிக்கும்; அதற்குக் கீழே மங்கலாகச் சனி; தலைக்கு நேர் மேலே ஏறிக்கொண்டிருந்த வியாழன்; கிழக்கே சிவப்பாகச் செவ்வாய். மேற்கிலிருந்து கிழக்கு வரை கையை ஒரே வீச்சில் கொண்டுபோனால் நான்கையும் தொட்டுவிடலாம். அப்பத்தாவுக்குப் படியேற முடியாது. வளவில் தூணோரம் உட்கார்ந்திருந்தவர், மேலே திறந்திருந்த சதுரத்தில் தெரிந்த வியாழனை மட்டும் பார்த்தார். மற்றவர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள் என்று இறங்கிவந்து சொன்னேன். “கோயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்தானே நிற்கிறார்கள்? திருவாரூரில்தான் ஒரே வரிசை. அது மாதிரியா நிற்கிறார்கள்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அங்கே ஸ்தபதி நிற்க வைத்தார். இங்கே யாரய்யா நிற்க வைத்தது?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஆச்சியின் மகன் (எங்கள் பக்கத்தில் அக்காவை ஆச்சி என்போம்) முந்திக்கொண்டான். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கையில் காணொளி தயாராக இருந்தது. யாரோ ஒருவர் பீட்சா மாவை விரல் நுனியில் சுழற்றிக்கொண்டிருந்தார். அப்பத்தாவுக்குப் புரியட்டும் என்று அதையே வீச்சுப் பரோட்டாவாக மாற்றிச் சொன்னான்: மாவைச் சுற்றிவிட்டால் தட்டையாகிறது அல்லவா, அப்படித்தான் சூரியன் பிறந்த மேகமும் சுற்றிச் சுற்றித் தட்டையானது, அந்தத் தட்டில்தான் கோள்கள் பிறந்தன. அப்பத்தா தலையாட்டினார். எனக்குத் தலை ஆடவில்லை. அவன் சொன்னதில் தப்பென்று சுட்டிக்காட்ட ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. சாந்தி முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் இது மனத்தை விட்டுப் போகவில்லை.

பரோட்டா மாவின் மேல் ஒரு புகார்

காரைக்குடியில் பரோட்டாக் கடை வாசலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மாஸ்டர் எண்ணெயில் ஊறிய உருண்டையை எடுத்ததுமே வீசுவதில்லை. முதலில் கல்லில் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தட்டுகிறார். வட்டமான பிறகுதான் ஓரத்தைப் பிடித்து வீசுகிறார். ஆக, தட்டையாக்கியது கை. வீச்சு அதை விரித்துக் கொடுத்தது. இது முதல் புகார். இரண்டாவது இன்னும் பெரியது. மாவு ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரே பண்டம்; சுழற்றினால் வெளிப்பக்கமாக இழுபட்டு விரியும். சூரியன் பிறந்த மேகத்தில் எதுவும் வெளியே விரியவில்லை, எல்லாம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவதாக, சுழல்வது மட்டுமே ஒன்றைத் தட்டாக்கிவிடும் என்றால் சூரியனே தட்டாகியிருக்க வேண்டும். அதுவும் சுழல்கிறது, நடுப்பகுதி 25 நாளுக்கு ஒரு சுற்று. ஆனால் 14 லட்சம் கிலோமீட்டர் குறுக்களவில் இடுப்புக்கும் துருவத்துக்கும் உள்ள வித்தியாசம் பத்து கிலோமீட்டர் அளவுதான்.

அப்படியானால் அந்த மேகத்தில் என்னதான் நடந்தது? அது பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும். நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத் தூசி. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 260 பாகை. அகலமோ, சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். அதற்குள் ஒவ்வொரு வாயுத் திரளும் அதனதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. ஒன்று இடமாகச் சுற்றும், ஒன்று வலமாக, ஒன்று மேலிருந்து கீழாக. இத்தனை சுழற்சிகளையும் வரவு செலவு போட்டுக் கழித்தால் கடைசியில் ஏதோ ஒரு திசையில் சிறு மிச்சம் நிற்கும். சரியாகப் பூஜ்யம் வந்தால்தான் ஆச்சரியம். அந்த மிச்சத்துக்கு இயற்பியலில் கோண உந்தம் என்று பெயர். மேகத்துக்குள் என்ன இடித்துக்கொண்டாலும் இந்த மிச்சத்தை அழிக்க முடியாது. வெளியிலிருந்து ஒன்று வந்து திருகினால்தான் மாறும். மேகம் சுருங்கச் சுருங்க அது வேகமாகச் சுற்றும் என்பதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. பாடம் அங்கே நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

அந்த மிச்சச் சுழற்சிக்குக் குறுக்கே ஒரு தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து வாயு அந்தத் தளத்தை நோக்கி விழுகிறது, கீழேயிருந்தும் விழுகிறது. நடுவில் சந்திக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அணுக்களாக இருந்தாலும் அவை ஒன்றையொன்று ஊடுருவிப் போக முடியாது, மோதித்தான் ஆகவேண்டும். மோதினால் மேலே போன வேகமும் கீழே வந்த வேகமும் கழிந்து வெப்பமாகிறது. அந்த வெப்பம் அகச்சிவப்புக் கதிராக மேகத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. இந்த வெளியேற்றம்தான் கதையின் மையம். வெளியேறாமல் உள்ளேயே தங்கியிருந்தால், அந்தச் சூடே வாயுவை மறுபடி ஊதிப் பெருக்கியிருக்கும். ஆற்றல் போவதற்கு வழி இருந்தது. கோண உந்தம் அவ்வளவு எளிதில் வெளியேற அப்படி ஒரு வழி இல்லை. அந்தச் சுழற்சியைக் கையில் வைத்துக்கொண்டே ஆற்றலை இழந்துகொண்டே போனால் கடைசியில் எங்கே வந்து நிற்கும்? எல்லாம் ஒரே தளத்தில், ஒரே திசையில், ஏறக்குறைய வட்டமாகச் சுற்றும் நிலையில். அதற்குக் கீழே இறங்க இடமில்லை.

அப்பத்தாவின் கேள்விக்கு இதுதான் பதில். யாரும் நிற்க வைக்கவில்லை. சாய்வாக ஓடியவை மோதி மோதிச் சாய்வை இழந்தன. சுழற்சி, தட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது, தட்டையாக்கியது மோதல். கோள்கள் பிறந்தது அதற்குப் பிறகு, ஏற்கெனவே தட்டையாகிவிட்ட அந்தப் பொருளிலிருந்து. தூசி ஒட்டிக் கூழாங்கல்லாகி, கல் திரண்டு மலையாகி, சூரியனுக்குத் தொலைவில் பனி உறையும் எல்லைக்கு அப்பால் வியாழன் முதலில் பருத்து, இருந்த வாயுவையெல்லாம் வாரிக்கொண்டது. வாயு சில பத்து லட்சம் ஆண்டுகளில் கலைந்துவிட்டது. பூமி நிதானமாகப் பிறகு வளர்ந்து முடிந்தது. வேறு தளத்தில் ஓட அவற்றுக்கு வாய்ப்பே இருக்கவில்லை. இன்றைய கணக்கும் அதைத்தான் காட்டுகிறது. பூமியின் பாதையை அளவுகோலாக வைத்தால் வியாழனின் சாய்வு 1.3 பாகை, யுரேனஸ் 0.8, நெப்டியூன் 1.8, செவ்வாய் 1.9, சனி 2.5, வெள்ளி 3.4. அதிகம் முரண்டு பிடிப்பது புதன், அதுவும் 7 பாகைதான்.

சித்திரை மாதத்து உருண்டை

இதையெல்லாம் காகிதத்தில் ஒப்புக்கொள்வது வேறு, கண்ணால் பார்த்து மனம் அடங்குவது வேறு. சாந்திக்கு வந்த உறவினர் ஒருவர் சிறிய தொலைநோக்கி கொண்டுவந்திருந்தார். சனி மேற்கே இறங்கிவிடும் முன் அவசரமாக அதைத் திருப்பினோம். வளையம் அகலமாகத் தெரியும் என்று வந்து நின்ற பிள்ளைகளுக்கு ஏமாற்றம்: உருண்டையின் குறுக்கே மெல்லிய ஒரு கோடு மட்டும். மார்ச் 23 அன்று பூமி அந்த வளையத்தின் தளத்தைக் கடக்கவிருந்தது. அதனால் விளிம்பைத்தான் பார்க்க முடிந்தது. 1612-இல் கலிலியோவுக்கும் இதே அனுபவம், வளையம் கண்முன்னே காணாமல் போனது கண்டு திகைத்தார். எனக்கோ அந்தக் கோட்டைப் பார்த்ததில்தான் சந்தோஷம். சனியின் முக்கிய வளையங்கள் இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் அகலம்; தடிமனோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர், எங்கள் வீட்டு முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடக்கிற தூரத்துக்குள். அந்த வளையம் ஒரே துண்டு இல்லை, தனித்தனியாகச் சுற்றும் எண்ணற்ற சிறு துணுக்குகள் என்று மேக்ஸ்வெல் 1859-இலேயே கணக்குப் போட்டு நிறுவிவிட்டார். ஒட்டிக்கொண்டிருக்கிற மாவு அங்கே இல்லை. தளத்தை விட்டு மேலெழும்பும் துணுக்கு அடுத்த சுற்றில் பக்கத்துத் துணுக்கோடு இடித்து மறுபடி தளத்துக்குள் வந்துவிடுகிறது.

மறுபக்கச் சாட்சி சித்திரையில் கிடைத்தது. அந்த மாதம் இரவு பத்து மணிக்கு மேல் தெற்கு வானத்தில் தென்சிலுவை எழுந்து நிற்கும். அதற்குக் கிழக்கே, எங்கள் மாடியிலிருந்து வெறும் கண்ணுக்கே பஞ்சுத் துணுக்காகத் தெரியும் ஒன்று உண்டு, ஒமேகா செண்டாரி. பைனாகுலரை வைத்தால் அது கலங்கிய ஒளி உருண்டை. வட இந்தியாவின் உச்சியிலோ ஐரோப்பாவிலோ இருக்கிறவர்களுக்கு இது சரியாகக் கிடைப்பதில்லை. நமக்கு அடிவானத்துக்கு மேலே முப்பது பாகை உயரத்தில் வசதியாக நிற்கிறது. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு கோடி அளவுக்கு நட்சத்திரங்கள், சூரியனைப் போல் இரண்டரை மடங்கு வயது. பல தடவை பார்த்திருக்கிறேன். அந்த இரவு பார்த்தபோதுதான் உறைத்தது: இத்தனை கோடி ஆண்டுகள் ஆகியும் இது ஏன் தட்டாகவில்லை?

ஈர்ப்பு அங்கேயும் இருக்கிறது. சுழற்சியும் இருக்கிறது, அதனால் அந்த உருண்டை இலேசாக அமுங்கியும் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று: நட்சத்திரங்கள் மோதிக்கொள்வதில்லை. கொத்தின் நெருக்கமான நடுப்பகுதியில்கூட இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள வெளி அவற்றின் உடலைப் போல் லட்சக்கணக்கான மடங்கு. ஒவ்வொன்றும் தன் சாய்ந்த பாதையில் நடுவை நோக்கி விழுந்து, யார் மீதும் படாமல் மறுபக்கம் ஏறி, திரும்ப விழுகிறது. வெப்பம் உண்டாகவில்லை, ஆற்றல் வெளியேறவில்லை, சாய்வு கழியவில்லை. பரோட்டாக் கதை சரியென்றால் இந்தக் கொத்து என்றைக்கோ தட்டாகியிருக்கும். அன்று பைனாகுலரை இறக்கிவைத்தபோது பிப்ரவரியிலிருந்து இருந்த குடைச்சல் நின்றது. மறுநாள் ஆச்சி மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அரை நிமிடம் யோசித்துவிட்டு, “அப்படியானால் கரும்பொருளும் உருண்டையாகத்தானே இருக்க வேண்டும், அம்மான்?” என்று கேட்டான். பையன் கெட்டிக்காரன்தான், காணொளிதான் சரியில்லை. பால்வெளி மண்டலத்தின் வாயு நடுத்தளத்தில் மெல்லிய தட்டாகப் படிந்திருக்கிறது. எதனோடும் மோதி ஒளிவிடாத, ஈர்ப்பால் மட்டுமே இருப்பது தெரியவரும் கரும்பொருளோ (dark matter) அதைச் சுற்றித் தடித்த கோளமாகவே பரந்திருக்கிறது.

நம் சூரியக் குடும்பத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. நீண்ட பயண வால்நட்சத்திரங்கள் வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வருகின்றன. அவையும் இதே தட்டில் பிறந்தவைதான். பெருங்கோள்கள் அவற்றை வெகுதூரம் வீசியெறிந்தன. அங்கே அருகில் கடந்துபோன நட்சத்திரங்களும் பால்வெளியின் ஈர்ப்பும் பாதைகளைக் கண்டபடி திருப்பிவிட்டன. அந்தத் தொலைவில் இடித்துத் திருத்த யாரும் இல்லை, ஆகவே திரும்பியது திரும்பியபடியே. 1986-இல் வந்துபோன ஹாலி வால்நட்சத்திரம் கோள்களுக்கு எதிர்த் திசையிலேயே சுற்றுகிறது.

பன்னிரண்டு கட்டங்கள்

வானத்தை நான் மாடியில் நின்று பார்த்த அன்று அப்பத்தா வளவில் உட்கார்ந்தபடியே ஒப்பித்தார்: “சனி கும்பத்தில், வெள்ளி மீனத்தில், குரு ரிஷபத்தில், செவ்வாய் மிதுனத்தில்.” வாசற்கதவைத் தாண்டாமல் சொன்னார், வரிசை துல்லியமாகப் பொருந்தியது. ஜாதகத்தின் பலன்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை அவரிடம் சொல்லி அடிபடவும் விருப்பமில்லை. ஆனால் அந்தக் கட்டம் என்னை அன்றிலிருந்து வேறு விதமாகப் பிடித்துக்கொண்டது.

அவரிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு உண்டு. குடும்பத்தில் பிறந்த எல்லோருடைய கட்டமும் அதில் இருக்கிறது, கப்பலில் பர்மா போய்த் திரும்பாத ஒருவருடையது உட்பட. பக்கத்துக்கு இரண்டு கட்டம். சதுரத்தின் ஓரமாகப் பன்னிரண்டு அறைகள், நடுவில் ‘ராசி’ என்று எழுதிய வெற்றிடம். பழுப்பேறிய மையில் ‘சூ’, ‘பு’, ‘சுக்’, ‘மா’ (மாந்தி). ஒரு மனிதன் பிறந்த கணத்தின் வானம் முழுவதும் தீப்பெட்டி அளவுக்கு அடங்கிவிடுகிறது. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று யோசித்துப் பாருங்கள். வானம் இரு திசையிலும் விரிந்தது. ஒரு புள்ளியைக் குறிக்க இரண்டு எண் வேண்டும், கிழக்கு மேற்காக ஒன்று, வடக்கு தெற்காக ஒன்று. ஜாதகம் முதல் எண்ணை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறது. விட்டும் குடிமுழுகிப் போகவில்லை. ஏனென்றால் கோள்கள் எல்லாம் ஒரே தளத்தில் ஓடுகின்றன. வடக்கு தெற்காக அவை நகர்வது சொற்பம். வால்நட்சத்திரங்களைப் போல் கோள்களும் கண்ட திசையில் திரிந்திருந்தால் பன்னிரண்டு அறை போதாது. துருவம் வரைக்கும் அறை கட்ட வேண்டியிருக்கும். மோதிக் கழிந்த அந்த மேகத்தின் கதை தீப்பெட்டி அளவுச் சதுரத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

இன்னும் வேடிக்கை, அந்தத் தட்டையில் உள்ள குறையையும் கட்டம் விடாமல் எழுதிவைத்திருக்கிறது. ராகு, கேது. வானத்தில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். எப்போதும் நேர் எதிரெதிர் ராசியில் இருப்பார்கள். எப்போதும் பின்னோக்கியே நகர்வார்கள். ஒன்றரை ஆண்டுக்கு ஒரு பெயர்ச்சி. ஒரு பொருளுக்கு இப்படி நடக்கவே நடக்காது. இரண்டு தளங்கள் வெட்டிக்கொள்கிற கோட்டுக்குத்தான் இந்தக் குணம் உண்டு. சந்திரனின் பாதை பூமியின் பாதைக்குச் சற்றே சாய்ந்தது, 5.1 பாகை. கி.பி. 499-இல் ஆரியபட்டர் நாலரை என்று கணக்கிட்டிருந்தார். அந்த இரு தளங்களும் வெட்டும் இரண்டு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். கோடு ஒன்று, ஆகவே புள்ளிகள் எதிரெதிர். சூரியனின் இழுப்பால் அந்தக் கோடு 18.6 ஆண்டுக்கு ஒரு முறை பின்னோக்கிச் சுற்றிவருகிறது. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், பெயர்ச்சிக் கணக்கு வந்துவிடும். சாய்வே இல்லாமல் இருந்திருந்தால் ஒவ்வொரு அமாவாசைக்கும் சூரிய கிரகணம், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சந்திர கிரகணம். 2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் வந்தபோது சந்திரன் கும்பத்தில், ராகுவும் கும்பத்தில். சூரியன் சிம்மத்தில், கேதுவும் சிம்மத்தில். இதைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் சொல்லாது. கோயிலில் கறுப்புத் துணி சாத்தி எள் விளக்கு வைக்கிற வரிசையில் ஏழு பேர் பொருள்கள், இரண்டு பேர் வடிவியல்.

தந்தையும் மகனும் லாப்லாசும்

இந்தச் சாய்வுகளின் நெருக்கம் தற்செயலாக இருக்க முடியுமா என்று முதலில் எண்ணிக்கையால் கேட்டவர் சுவிஸ் கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி. பாரிஸ் அறிவியல் கழகம் கோள்பாதைகளின் சாய்வுக்குக் காரணம் கேட்டுப் பரிசு அறிவித்திருந்தது. 1734-இல் பரிசு அவருக்கும் அவருடைய தந்தை யோஹானுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. மகனோடு சமமாக வைத்ததில் தந்தைக்கு ஆத்திரம், மகனை வீட்டுக்குள் விடவில்லை என்பார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணமான மகனை வேறு வைப்பது வழக்கம்தான், ஆனால் அது ஆத்திரத்தில் அல்ல, சட்டி பானை எல்லாம் கொடுத்து. அது கிடக்கட்டும். பெர்னூலி போட்ட கணக்கில் இது தற்செயல் என்பதற்கான வாய்ப்பு மிகமிகச் சொற்பமாக வந்தது. 1755-இல் ஜெர்மன் தத்துவஞானி காண்ட், 1796-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் இருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: கோள்கள் சுழலும் ஒரு மேகத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும். காண்ட் எழுதியதில் துகள்கள் மோதி ஒன்றையொன்று கட்டுப்படுத்தி ஒரே தளத்துக்கு வருகின்றன என்பதும் இருக்கிறது. 270 ஆண்டுகளுக்கு முன் சொன்னது இன்றைய காணொளியில் தொலைந்துபோயிருக்கிறது.

ஆனால் அவர்களுடைய மேகம் ஒரு நூற்றாண்டு கழித்துக் கணக்கில் மாட்டிக்கொண்டது. சூரியக் குடும்பத்தின் நிறையில் நூற்றுக்கு 99.86 பங்கு சூரியனிடம். கோண உந்தத்திலோ நூற்றில் ஒரு பங்குகூட அதனிடம் இல்லை. வியாழன் ஒன்றே அறுபது பங்கு வைத்திருக்கிறது. மேகம் அப்படியே சுருங்கியிருந்தால் சூரியன் வெறிபிடித்தாற்போல் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். இந்தக் குழப்பத்தில் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பலர் மேகத்தையே கைவிட்டார்கள். வேறொரு நட்சத்திரம் உரசினாற்போல் கடந்துபோனபோது சூரியனிலிருந்து இழுபட்ட பொருளில்தான் கோள்கள் பிறந்தன என்று ஆங்கிலேய வானியலாளர் ஜீன்ஸ் முதலியோர் எழுதினார்கள். அது உண்மையானால் கோள்கள் உள்ள நட்சத்திரம் பால்வெளியில் அபூர்வத்திலும் அபூர்வமாக இருக்கும். இழுபட்ட சூடான வாயு திரளாது, கலைந்துபோகும் என்று பிறகு தெரிந்தது. இளம் சூரியனின் காந்தப்புலம் சுற்றியிருந்த தட்டோடும் வீசிய காற்றோடும் பிணைந்து அதன் வேகத்தைக் குறைத்துவிட்டது என்பது இன்றைய விளக்கம்.

தட்டை நேரில் பார்த்த பிறகு வாதம் ஓய்ந்தது. 1984-இல் பீட்டா பிக்டோரிஸ் என்ற நட்சத்திரத்தைச் சுற்றிய தூசித் தட்டை விளிம்புப் பக்கமாகப் படமெடுத்தார்கள். 2014-இல் சிலியின் அட்டகாமா பாலைவனத்திலுள்ள அல்மா தொலைநோக்கிகள் எச்எல் டாரி என்ற இளம் நட்சத்திரத்தைப் படமெடுத்தன: 450 ஒளியாண்டு தொலைவு, பத்து லட்சம் ஆண்டு அளவே வயது, சுற்றிலும் ஒளிவளையமும் இருள்வளையமும் மாறி மாறி. கோள்கள் வழியைச் சுத்தம் செய்த தடங்களாக இருக்கலாம் அந்த இருள்கள். 2017-இல் அறிவிக்கப்பட்ட டிராப்பிஸ்ட்-1 குடும்பத்தில் ஏழு கோள்கள், நம்முடையதைவிட நெருக்கமாக ஒரே தளத்தில்.

ஆறு பாகை பாக்கி

எல்லாம் இப்படி ஒழுங்காக முடிந்துவிட்டால் எனக்கே சலிப்புத் தட்டியிருக்கும். நட்சத்திரத்துக்கு மிக அருகில் சுற்றும் வியாழன் போன்ற கோள்களில் கணிசமானவை கடுமையாகச் சாய்ந்திருக்கின்றன. 2009-இல் கண்டுபிடித்த வாஸ்ப்-17பி தன் நட்சத்திரம் சுழல்வதற்கு எதிர்த் திசையிலேயே சுற்றுகிறது. தட்டு கலைந்த பிறகு கோள்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் தள்ளினாலோ, துணை நட்சத்திரம் மெதுவாகப் பாதையைத் திருகினாலோ இப்படி ஆகலாம். அதற்குப் பிறகு திருத்த வாயுவும் இல்லை, மோதலும் இல்லை.

என்னை அதிகம் உறுத்துவது அவ்வளவு தொலைவில் இல்லை. நம் கோள்களின் பொதுத் தளத்துக்கும் சூரியன் சுழலும் தளத்துக்கும் ஏறத்தாழ ஆறு பாகை வித்தியாசம் இருக்கிறது. இரண்டும் ஒரே மேகத்திலிருந்து வந்தவை. அந்த ஒரே மிச்சச் சுழற்சிதான் இரண்டுக்கும் முதல் என்றால் இந்த ஆறு பாகை எங்கிருந்து வந்தது? இதற்கு இன்னும் ஒருமித்த பதில் இல்லை. நெப்டியூனுக்கு வெகு அப்பால், சாய்ந்த பாதையில், யாரும் காணாத ஒரு பெரிய கோள் இருக்கலாம் என்று பட்டிகின், பிரௌன் என்ற இரு வானியலாளர்கள் 2016-இல் சொன்னார்கள். அதே ஆண்டு, அந்தக் கோள் 450 கோடி ஆண்டுகளாக மெல்ல இழுத்து மற்றக் கோள்களின் தளத்தையே சாய்த்துவிட்டது என்று கணக்கும் வந்தது. புளூட்டோவை 2006-இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி ஒன்பதாவதைத் தேடுகிறார்கள்; அப்பத்தாவிடம் சொன்னால், இங்கே ஒன்பதுக்கு எப்போது குறைந்தது என்று கேட்பார்.

எனக்கு அந்த ஒன்பதாவது கோளில் மனம் ஒட்டவில்லை. இதற்காகவே ஒரு கோளை வரவழைக்க வேண்டுமா? மேகம் ஒரே நாளில் விழுந்துவிடவில்லை. உட்பகுதி முதலில் விழுந்தது, வெளிப்பகுதி லட்சக்கணக்கான ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது. உள்ளே கழித்துப் பார்த்த மிச்சமும் வெளியே கழித்துப் பார்த்த மிச்சமும் ஒரே திசையில் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? முதலில் வந்ததை வாங்கிச் சூரியன் சுழலத் தொடங்கியது. பிறகு வந்தது தட்டில் சேர்ந்து மோதிக் கழிந்து தட்டைச் சற்றே சாய்த்திருக்கலாம். கணினியில் இத்தகைய மேகங்களைச் சுருங்கவிட்டுப் பார்க்கிறவர்களுக்கும் சாய்ந்த தட்டுகள் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. சிலியில் புதிதாகக் கண் திறந்திருக்கும் வேரா ரூபின் வானாய்வகம் அந்தக் கோளைப் பிடித்துக் காட்டினால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வேன். காட்டும் வரை, ஆறு பாகைக்கு நான் சந்தேகப்படுவது கடைசியாக வந்து விழுந்த அந்த வாயுவைத்தான்.